நிரந்தர முகவரி

ஒரே ஒரு பொய் சொல்லச் சொன்னேன். பெரிய பொய்கூட இல்லை. "ஆமா சார், இங்கதான்" என்று மூன்றே வார்த்தை. நாட்டில் பாதிப் பேர் காலையில் காப்பி குடிப்பதற்கு முன்பே இதைவிடப் பெரிய பொய்யைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தம்மாவுக்கு மட்டும் அது வாயில் வரவில்லை. இத்தனை நாள் கழித்து நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பாதையில் ஒரு கூட்டு ரோட்டில் என் கடை இருக்கிறது. ஜெராக்ஸ் எடுப்பேன், பாஸ்போர்ட் போட்டோ எடுப்பேன், அரசாங்க விண்ணப்பங்களை ஆன்லைனில் போட்டுக் கொடுப்பேன். கடைக்கு நேரெதிரே பஸ் நிழற்குடை. அந்தம்மா அங்கேதான் இருந்தார். ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அவர் பெயர் எனக்குத் தெரியும். எத்தனையோ விண்ணப்பத்தில் என் கையாலேயே அடித்திருக்கிறேன். இங்கே எழுதப் போவதில்லை. ஏற வேண்டிய பட்டியல் எதிலும் ஏறாத பெயர் அது. ஏறக்கூடாத பட்டியலில் மட்டும் எழுத்துப்பிழை இல்லாமல் ஏறியது.

'இருந்தார்' என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. படுத்து எழுந்தார், அவ்வளவுதான். முதல் பஸ் வருவதற்குள் எழுந்து நிழற்குடையைப் பெருக்கி, பாயைச் சுருட்டி, துணி மூட்டையோடு சேர்த்துப் பின்னால் இருக்கிற புங்க மரத்துக் கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிடுவார். அதற்கப்புறம் பகல் முழுக்க உள்ளே காலை வைக்க மாட்டார். களை எடுக்க, நாற்று நட யாராவது கூப்பிட்டால் போவார். கூப்பிடாத நாளில் டீக்கடையில் பாத்திரம் தேய்ப்பார். அதுவும் இல்லையென்றால் மரத்தடியில் நிற்பார். ஒருநாள் நல்ல மழை. நிழற்குடையில் ஈ காக்கா இல்லை. அந்தம்மா தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு மரத்தடியில் நனைந்துகொண்டிருந்தார்.

"யக்கா, உனக்கு இன்னா பைத்தியமா? உள்ள போய் குந்தேன்!" என்று கடையிலிருந்தே கத்தினேன்.

"அது பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கும்மா. நான் பஸ்ஸுக்கு நிக்கலியே."

"யாரு வந்து உன்ன கேக்கப் போறாங்க?"

"கேட்டா இன்னா சொல்றது?"

யாரும் கேட்கவே போவதில்லை என்று நான் சொல்கிறேன். கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அந்தம்மா யோசிக்கிறார். இப்படிப்பட்ட ஆளிடம் என்னதான் பேசுவது? கடைசி பஸ் போன பிறகுதான் உள்ளே போவார். அதற்கப்புறம் அந்த இடம் யாருக்கும் வேண்டாம், அதனால் படுத்துக்கொள்ளலாம் என்பது அவருடைய நியாயம்.

இந்தக் குணத்தால் கூட்டு ரோட்டில் மாட்டிக்கொள்ளாத ஆளே இல்லை. டீக்கடைக்காரர் தினமும் நாஷ்டாவுக்கு இரண்டு இட்லி கொடுப்பார், நல்ல மனுஷன். ஒருநாள் டீ குடிக்க வந்த யாரோ, பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த இவரிடம், "பால் புதுசாம்மா?" என்று விளையாட்டாகக் கேட்க, "நேத்து சாயங்காலத்துது" என்று சொல்லிவிட்டார். டீக்கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளும் இட்லி கொடுத்தார், ஆனால் பாத்திரம் தேய்க்கிற இடத்தைக் கடைக்குப் பின்புறம் மாற்றிவிட்டார். என் கடையும் தப்பவில்லை. போட்டோ எடுக்க வந்த ஒரு பெண்ணிடம், "இந்தம்மா எடுத்தா மூஞ்சி கொஞ்சம் கறுப்பாதான் வரும், பரவால்லியா?" என்று கேட்டார். அந்தப் பெண் உத்திரமேரூருக்குப் போய் எடுத்துக்கொண்டாள்.

இதையெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஆனால் அந்தம்மா குடிசையை இழந்து ரோட்டுக்கு வந்ததே இந்த வாயால்தான்.

அதை அவரே ஒருநாள் சொன்னார், யார்மேலும் குறை இல்லாமல், வேறு யாருக்கோ நடந்தது மாதிரி. அதற்கு முன்பெல்லாம் செங்கல் சூளை. புருஷன் செத்துப்போன பிறகு சூளையை விட்டு வந்து, ஒரு ஏரிக்கரை ஓரம் இருந்த பத்துப் பதினைந்து குடிசைகளோடு தானும் ஒன்று போட்டுக்கொண்டார். ஏரிப் புறம்போக்கு, ஆக்கிரமிப்பு என்று காலி செய்ய வந்தார்கள். அதற்கு முன் ஒரு அதிகாரி குடிசை குடிசையாக வந்து, எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். நெடுநாளாக இருக்கிறவர்களுக்கு வேறு இடத்தில் மனை கொடுப்பதாக ஏற்பாடு. எல்லோரும் எங்கள் தாத்தா காலத்திலிருந்து என்றார்கள். அந்த மாசம் கல்யாணமாகித் தனிக்குடிசை போட்டவன்கூடத் தாத்தா காலம் என்றான். அந்தம்மா, "போன ஆடிக்கு வந்தேன் சாமி" என்றார்.

"ஏங்க்கா, பக்கத்துல கீறவன் சொன்னத கேட்டுக்கினுதான நின்ன? அத்தையே நீயும் சொல்றதுக்கு இன்னா?"

"அவன் தாத்தா அங்க இருந்தாரும்மா. எங்க தாத்தா இல்லியே."

மற்றவர்களுக்கு மனை கிடைத்தது. அந்தம்மாவுக்குப் பாயையும் பாத்திரத்தையும் எடுத்துக்கொள்ள ஒரு நாள் அவகாசம் கிடைத்தது. அப்படித்தான் எங்கள் கூட்டு ரோட்டுக்கு வந்து சேர்ந்தார்.

என் எரிச்சலெல்லாம் அவர்மேல் மட்டும்தான் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வீடில்லாமல் இருப்பது கஷ்டம் என்றுதான் நான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன். அது குற்றமும்கூட என்பதை அந்தம்மாவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மாசக் கடைசியில் போலீஸ் ஜீப் வரும். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், நான் இங்கே கடை நடத்த வேண்டும். சின்னச் சின்ன கேஸ்கள் குறைந்துபோனால் அவர்களை மேலே இருப்பவர்கள் திட்டுவார்களாம். வூடு எங்கே என்று கேட்பார்கள். இல்லை என்பார். இங்கே என்ன பண்ணுகிறாய் என்று கேட்பார்கள். படுத்துக்கினு கீறேன் என்பார். சந்தேகப்படும்படி பொது இடத்தில் இருந்ததாக ஒரு கேஸ் எழுதிவிடுவார்கள். திருடனுக்குக்கூட ஒரு விலாசம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குப் போய்விடுகிறான்.

ஒருதடவை கோர்ட்டுக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டால், ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட வேண்டும். இந்த மாதிரி கேஸில் எல்லோரும் செய்வது அதுதான். அந்தம்மா, "படுத்தது நெசம் சாமி. குத்தம் இன்னான்னு எனக்கு வெளங்கலியே" என்று நின்றாராம். நீதிபதி கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, போகச் சொல்லிவிட்டார். கூட்டிக்கொண்டு போன ஏட்டுக்கு அரைநாள் வீண். "பேஜாரு புட்ச்ச கேஸும்மா நீ" என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்து, கடைசியில் பஸ் ஸ்டாண்டில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தாராம். அதையும் அந்தம்மா மறைக்காமல் சொன்னார்.

அன்றைக்குத்தான் எனக்கு ரோஷம் வந்தது. ஊருக்கெல்லாம் விண்ணப்பம் போடுகிறேன், எதிரில் இருக்கிறவருக்கு ஒன்று போட முடியாதா? ஆதரவற்ற விதவைகளுக்கு மாசாமாசம் உதவித்தொகை தருகிறார்கள். அது வந்தால் ஒரு சின்ன அறையாவது வாடகைக்குப் பிடித்துவிடலாம், ஜீப்பில் ஏற வேண்டியதில்லை. உட்காரவைத்து ஆரம்பித்தேன். பெயர் ஆயிற்று, வயது ஆயிற்று. நிரந்தர முகவரி என்று ஒரு கட்டம் வந்தது. கைவசம் இருந்த ஆதாரில் பழைய சூளையின் விலாசம் இருந்தது, அந்தச் சூளையை மூடிப் பல வருஷம்.

"எதுர்ல கீற பஸ் ஸ்டாப்புன்னு போடும்மா," என்றார் அந்தம்மா.

போட்டுப் பார்த்தேன். கதவு எண் கேட்டது. நிழற்குடைக்கு ஏது கதவு? ஆதரவே இல்லாதவருக்குக் கொடுக்கிற பணத்துக்கு நிரந்தரமான ஒரு வீடு கேட்கிறார்களே, இதை எழுதியவர்கள் ஒருதடவையாவது படித்துப் பார்த்திருப்பார்களா? வீடு இருந்தால் அவர் ஏன் என் கடையில் வந்து உட்காரப் போகிறார்? எங்கள் உத்திரமேரூர்க் கோயிலில் இருக்கிற குடவோலைக் கல்வெட்டிலேயே சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்கிறவன் பெயரைத்தான் ஓலையில் எழுத வேண்டும் என்று இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே விலாசம் கேட்ட ஊர் இது. கம்ப்யூட்டரைத் திட்டி என்ன ஆகப் போகிறது என்று, என் வீட்டு முகவரியைப் போட்டு அனுப்பிவிட்டேன்.

விசாரிக்க ஆள் வருவார்கள் என்பது தெரியும். மூன்று நாள் அந்தம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். இங்கதான் இருக்கியா என்று கேட்பார், ஆமா சார் இங்கதான் என்று சொல்ல வேண்டும், வேறு ஒரு வார்த்தை பேசக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அதிகாரி வருகிற நாளில் குளித்து, நான் கொடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் உள்ளே மோர் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா, இங்கதான் இருக்கியா?"

"இல்ல சாமி. இந்தம்மாதான் இங்க கீது. நான் ரோட்டாண்ட பஸ் ஸ்டாப்புல படுத்துக்கிறேன். இன்னிக்கு மட்டும் இங்க வந்து நிக்கச் சொல்லுச்சி. பொடவயும் அதோடதுதான்."

மோர்ச் சொம்போடு நான் வாசலுக்கு வந்தபோது அதிகாரி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மோரைக் குடித்தார். குடித்துவிட்டு, "நீங்க படிச்சவங்க. பொய்த் தகவல் கொடுத்தீங்கன்னு நான் எழுதினா, ஆன்லைன்ல விண்ணப்பம் போடற உங்க கடை ஐடியே போயிடும், தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டு, என்மேல் எதுவும் எழுதாமல் போனார். அதுவே பெரிய உபகாரம்.

அவர் வண்டி தெரு திரும்பியதுதான் தாமதம், நான் கத்த ஆரம்பித்தேன். என்னென்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. உனக்காக என் பிழைப்பைப் பணயம் வைத்தேனே, உனக்கு நன்றி இருக்கிறதா, மூன்று வார்த்தை, மூன்றே வார்த்தை என்று கையை நீட்டிக் கத்தினேன். அந்தம்மா நான் மூச்சு வாங்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு, ரொம்ப நேரம் யோசித்துக் கண்டுபிடித்தவர் மாதிரி சொன்னார்.

"கழனியில உங்க மோட்டார் கொட்டா சொம்மாதான கீது? நான் அங்க வந்து இருந்துக்கறேன். மோட்டார பாத்துக்கறேன், கொட்டாவ பெருக்கிக்கறேன். அப்போ அட்ரஸ் நெசமாய்டுமேம்மா. நீயும் பொய் எழுத வேணாம், நானும் பொய் சொல்ல வேணாம்."

எங்கள் மோட்டார் கொட்டகைக்குக் கதவு உண்டு, கரண்ட் உண்டு, தண்ணீர் உண்டு. பக்கத்து ஊருக்குக் கம்பெனிகள் வந்து ஆட்களெல்லாம் அங்கே வேலைக்குப் போய்விட்ட பிறகு, கொட்டகையில் காவலுக்குக்கூட யாரும் படுப்பதில்லை. பொய்யாக அந்தம்மாவை என் வீட்டிலேயே குடிவைத்து விண்ணப்பம் போட்டவள் நான். நிஜமாகக் கொட்டகையில் படுக்க இடம் கேட்டதும் சாக்குத் தேடுகிறேன். இதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது? "வூட்டுல கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

வீட்டுக்காரரிடம் கேட்கவும் செய்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "எடம் குடுத்தா நாளைக்கு எழுந்துக்க மாட்டாங்க. அப்புறம் சொந்தக்காரங்க வருவாங்க. உனக்கு இன்னாத்துக்கு இந்த வேல?" என்றார். அந்தம்மாவுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இடத்தை ஒருநாளும் தன்னுடையது என்று சொல்ல மாட்டார் என்பதும் தெரியும். அப்படிப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் ஏரிக்கரையிலேயே மனை வாங்கியிருப்பார். இதையெல்லாம் எடுத்துச் சொல்லியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா என்று கேட்டேன்.

அதன் பிறகு ஒரு வாரம் நான் கடையில் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. அந்தம்மா மறுபடி கேட்கவே இல்லை. முன்போலவே காலையில் பெருக்கினார், மூட்டையைக் கட்டினார், "டீ வேணுமாம்மா?" என்று எதிரிலிருந்து குரல் கொடுத்தார். ஊரில் அவருக்குச் சோறு போட ஆள் இருந்தது. பொங்கலுக்குப் புடவை கொடுக்க ஆள் இருந்தது. கால் வீங்கியபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போக டீக்கடைக்காரர் இருந்தார். எங்கள் எல்லோரிடமும் ஆளுக்கொரு கொட்டகையும் இருந்தது. ஒருவரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு மாசம் கழித்து, கல்வெட்டுக் கோயிலைப் பார்க்க வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று பேச்சானது. ரோட்டுக்கு வெள்ளைக் கோடு போட்டார்கள். நிழற்குடைக்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்கள். பெயிண்ட் காய்கிற வரைக்கும் அந்தம்மா வெறும் தரையில் மரத்தடியில் படுத்தார். வருகைக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே ஏற்கெனவே நாலைந்து பேர் இருந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகப் பேசினார். பிச்சை எடுப்பவர்களைக் காப்பகத்துக்குக் கொண்டுபோகச் சொல்லி உத்தரவு என்றார். எந்தக் காப்பகம், எத்தனை நாள் என்று டீக்கடைக்காரர் கேட்டதற்கு, அதெல்லாம் தனக்குச் சொல்லவில்லை என்றார். பின்னால் நானும் விசாரித்தேன். போன் போட்ட முதல் இரண்டு இடத்திலும் அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில், வந்தார்கள், போய்விட்டார்கள் என்றார்கள். எங்கே போனார்கள் என்று கேட்டதற்கு, விலாசம் எதுவும் எழுதவில்லையே என்றார்கள்.

வேன் வந்து நின்ற அன்றைக்கு நான் ஜெராக்ஸ் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து ஓடினேன். அந்தம்மா மரத்திலிருந்து மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பிச்ச எடுக்கலியே சாமி," என்று சப்-இன்ஸ்பெக்டரிடம் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "முந்தாநேத்து கூட களை எடுக்கப் போனேன்."

"சரிம்மா. ஆனா தங்கறதுக்கு இடம் இல்லையே? லிஸ்ட்ல அப்படித்தான் இருக்கு." அவர் என்னைப் பார்த்தார். "மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"நல்லா தெரியும் சார். ரொம்ப நல்லவங்க."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. உங்க வீட்டுலயோ கழனியிலயோ எங்கயாவது தங்கியிருக்காங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எழுதிக்கிட்டு, பேரை அடிச்சிட்டு, விட்டுட்டுப் போயிடறேன். எனக்கும் இந்த வேலை பிடிக்கல."

இதைவிட ஒரு மனுஷன் என்ன செய்வான்? பதிலையே எடுத்து என் வாயில் வைத்துவிட்டார். ஆமா சார் என்றால் முடிந்தது. ஆனால் எழுதிக்கொள்கிறேன் என்றாரே, அது எனக்குள் போய் நின்றுவிட்டது. கடை ஐடி போய்விடும் என்று மோர்ச் சொம்போடு கேட்டது நினைவுக்கு வந்தது. வீட்டுக்காரர் முகம் வந்தது. சொல்லிவிட்டால் அன்று சாயங்காலமே அந்தம்மாவைக் கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாவியைக் கொடுத்தாக வேண்டும் என்பதும் வந்தது. இல்லையென்றால் நாளைக்கே யார் கேட்டாலும் அந்தம்மா உள்ளதைச் சொல்லிவிடுவார்.

"இல்ல சார்," என்றேன். "எங்க எடத்துல இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏதாவது மாற்றிச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் பெயிண்ட் அடித்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெசம்தான் சாமி," என்றார் அந்தம்மா. "இந்தம்மா எடத்துல நான் இல்ல. அது சரியாதான் சொல்லுது."

அந்தக் குரலில் ஒரு குத்தல் இருந்திருந்தால்கூட நான் இந்நேரம் அந்தம்மாமேல் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அப்படி எதுவும் இல்லை. என்னை யாரும் சந்தேகப்பட்டுவிடக் கூடாதே என்று எனக்காகச் சாட்சி சொன்னார். பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரும் கைகொடுக்காமல் தானே வேனில் ஏறினார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, என் தோளுக்குப் பின்னால் ரோட்டைத் தாண்டிப் பார்த்தார்.

"உன் கடையில ஆளு வந்து நிக்குது பாரும்மா," என்றார். "போ."

திரும்பிப் பார்த்தேன். ஆள் நின்றுகொண்டிருந்தது. நான் போனேன்.